காட்டு மரத்துக்கு ஊர் கணக்குக் கேட்கலாம்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரை ஒட்டிய காப்புக்காட்டில் ராத்திரியில் மரம் வெட்டுகிறார்கள். வனத்துறைக்குத் தகவல் சொன்னால் இரண்டு கூலியாட்களைப் பிடிக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் வெட்டு விழுகிறது. எங்களைப் போன்ற இளைஞர் மன்றமோ, மகளிர் குழுவோ, ஊர்ச் சங்கமோ தகவல் சொல்வதைத் தாண்டி ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்து மலைக் கிராமங்களில் கிராம சபை, தகவல் உரிமை மனு, வன உரிமை விண்ணப்பம் என்று இருபது வருடத்துக்கு மேல் அலைந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஊர்க்காரர் என்றால் துப்புக் கொடுப்பவர் என்றுதான் இத்தனை காலமும் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். லாரி போனால் போன் செய், அதோடு உன் வேலை முடிந்தது. அப்படிச் சொன்ன துப்பு என்ன ஆனது, வழக்கு யார் மேல், கட்டை எங்கே போய்ச் சேர இருந்தது என்று ஊர் திரும்பக் கேட்பதே இல்லை. அந்தக் கேள்வி இல்லாததால்தான் ஒரு மாதம் கழித்து மறுபடி வெட்டு விழுகிறது. கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நம் வேலூர் மாவட்டத்திலேயே முன்மாதிரியும் இருக்கிறது.

முதலில் காட்டின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்தில் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில். அந்தக் காலத்து எஞ்சின் விறகில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டையும் மரம்தான். அதே 1856-இல்தான் மதராஸ் மாகாணத்தில் வனத்துறையும் தொடங்கியது. 1882-இல் வனச் சட்டம் வந்தது. பல திருத்தங்களோடு அதுதான் இன்றைக்கும் தமிழ்நாடு வனச் சட்டம். காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டதும் அதன்படிதான். இந்தப் பக்கம் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தபோது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் காட்டிலிருந்தும் மேட்டு நிலங்களிலிருந்தும் வண்டி வண்டியாகப் போயின. காட்டுக்குள் குடியிருந்தவர்களின் கையில் மட்டும் அந்தக் காட்டைப் பற்றிய எந்தக் கணக்கும் இல்லை. வெட்டியது யாராக இருந்தாலும் பழி விழுந்தது மலைக்காரர்கள் தலையில்.

இந்தப் பழக்கம் எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. பக்கத்துத் தருமபுரி மாவட்டம், அரூர் அருகே. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் மலையாளி என்று பேர் கொண்ட மலைவாழ் பழங்குடியினரின் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி, சிபிஐ விசாரணை வந்து, 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடத்தலைத் தடுக்கிறேன் என்று போகிற அதிகாரத்தை மேலிருந்து யாரும் தட்டிக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த ஊர்ப் பெண்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். 'மரத்தைக் காப்பாற்றுவது' என்ற பேச்சை யார் எடுத்தாலும் எனக்கு முதலில் வாச்சாத்திதான் நினைவுக்கு வரும். உங்கள் மன்றமும் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் செம்மரம். இது நம் காட்டு மரம் என்பதைவிட நம் ஆட்களின் உயிரை வாங்குகிற மரம். ஆந்திரத்துச் சேஷாசலம் மலை, அதை ஒட்டிய கடப்பா, சித்தூர்ப் பக்கக் காடுகள்தான் அதன் சொந்த இடம். ஆனால் கோடரி பிடிக்கப் போனவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலத்தில் ஆந்திரப் படையினர் சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அதற்கு முன்னால் 2013 டிசம்பரில் அதே காட்டில் இரண்டு வன அலுவலர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்தான், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் செத்தவர்கள் இந்தக் கடத்தல் சங்கிலியின் அடிக்கண்ணிகள்.

சங்கிலி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஊருக்குள் ஒரு மேஸ்திரி வருகிறார், கட்டட வேலை என்றோ மரம் வெட்டும் வேலை என்றோ சொல்லி முன்பணம் கொடுக்கிறார். சாமை விளையாத வருடம், பிள்ளைக்கு பீஸ் கட்ட வேண்டிய மாதம், அப்படிப்பட்ட நேரமாகப் பார்த்துத்தான் வருகிறார். வெட்டுகிறவருக்கு மேஸ்திரியைத் தெரியும், மேஸ்திரிக்குப் புரோக்கரைத் தெரியும், அதற்கு மேலே யாருக்கும் யாரையும் தெரியாது. லாரிக்கு முன்னால் ஒரு கார் பைலட் போல வழி பார்த்துக்கொண்டு போகும். கட்டை குடோனுக்குப் போய், வேறு சரக்கு என்ற பேரில் கன்டெய்னரில் ஏறி, சீனாவில் மரச்சாமானாகவும் ஜப்பானில் இசைக்கருவியாகவும் ஆகிறது. செம்மரம் 1995-இலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஓடுகிறது. காட்டில் பிடிபடுகிற ஆளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தச் சங்கிலி அறுபடாது. மேஸ்திரி ஊருக்குள் நுழைகிற அன்றைக்கே ஊர் பேச ஆரம்பித்தால்தான் அறுபடும். அதை வனத்துறையால் செய்ய முடியாது. ஊருக்குள் இருக்கிற மகளிர் குழுவாலும் படித்த பிள்ளைகளாலும்தான் முடியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டத்தைப் பெரும்பாலானவர்கள் 'மலைக்காரருக்குப் பட்டா கொடுக்கும் சட்டம்' என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டா அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதி சமூக வன வளத்தின் மேல் உள்ள உரிமை. தலைமுறை தலைமுறையாக ஊர் பயன்படுத்தி வந்த காட்டைக் காக்கவும், மீண்டும் வளர்க்கவும், நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஐந்தாம் பிரிவின்படி காட்டையும் காட்டு உயிர்களையும் பாதிக்கிற செயலைத் தடுக்கக் கிராம சபைக்கு அதிகாரம் உண்டு. அதற்காகத் தன் உறுப்பினர்களிலிருந்தே ஒரு பாதுகாப்புக் குழுவை அமைக்கலாம் என்று விதி இருக்கிறது. அதிகாரி தவறு செய்தால் கிராம சபை தீர்மானம் போட்டு, மாநில அளவிலான கண்காணிப்புக் குழுவுக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்குப் பிறகும் நடவடிக்கை இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம்.

தமிழ்நாட்டில் இது ஏன் இவ்வளவு தாமதம்? 2008-இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்குவது பல வருடம் முடங்கிக் கிடந்தது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. இதற்குள் ஒரு தலைமுறைக்கு 'இது நமக்கு வராது' என்ற எண்ணம் ஊறிவிட்டது. அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின் கீழ் பழங்குடிப் பகுதி என்று அறிவித்த இடம் தமிழ்நாட்டில் இல்லாததால் பழங்குடிப் பகுதிகளுக்கான தனிப் பஞ்சாயத்துச் சட்டமும் நமக்குப் பொருந்தாது. ஆக, நம் மலைகளுக்கு வன உரிமைச் சட்டம்தான் முக்கியமான பிடி. குடியாத்தம் பக்கத்தில் உங்கள் ஊரில் பழங்குடிக் குடும்பங்கள் இல்லாமல் இருக்கலாம். பிறர் இதில் உரிமை கேட்க 75 வருடமாக, அதாவது மூன்று தலைமுறையாக, அந்தக் காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அது கடினம். அப்படியானால் மலைமேல் இருக்கிற ஊரோடு கைகோத்து வேலை செய்யுங்கள். கீழ் ஊர்க்காரர்கள் மேல் ஊரைச் சந்தேகமாகப் பார்ப்பது கடத்தல்காரருக்குத்தான் வசதி.

'எங்களுக்குத்தான் ஏற்கெனவே கிராம வனக்குழு இருக்கிறதே' என்று சிலர் சொல்வார்கள். அது வேறு. 1990-இல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1997-இலிருந்து ஜப்பானியக் கடனுதவியில் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தபோது ஊர் ஊராக வனக்குழுக்கள் வந்தன. தடுப்பணை கட்டினார்கள், நாற்று நட்டார்கள், கடன் கொடுத்தார்கள். நல்ல வேலைகள் நடந்ததை நானே பார்த்தேன். ஆனால் கூட்டம் கூட்டுவதும் நோட்டு எழுதுவதும் துறையின் கையில் இருந்தது. திட்டப் பணம் நின்றதும் நான் பார்த்த குழுக்களில் பல நின்றுபோயின. அரசாணையில் பிறந்த குழுவை இன்னொரு அரசாணை கலைத்துவிடலாம். கிராம சபையின் உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதை அப்படிக் கலைக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற சின்னக் கிராமம் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கியது. 2011-இல் மூங்கிலை வெளியே எடுத்துப்போக அனுமதி தரும் நடைச்சீட்டுப் புத்தகமே அந்தக் கிராம சபையின் கைக்கு வந்தது. தன் காட்டு மூங்கிலை விற்றுக் கணக்கு எழுதுகிற ஊர், வெளி ஆள் வந்து ஒரு கழி வெட்டினாலும் சும்மா விடாது.

இந்தச் சட்டத்தின் இன்னொரு பிரிவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி, மருந்தகம், சாலை போன்ற வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம். 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த கைக்குழந்தை சாலை இல்லாததால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்தது. உடலைத் தாய் கையில் சுமந்து மலையேறியதை நாடே பார்த்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோடு கேட்டால் 'காப்புக்காடு' என்கிற பதில், ராத்திரியில் கட்டை ஏற்றிய வண்டிக்கு மட்டும் எப்படியோ தடம் கிடைக்கிறது. இப்படி நினைக்கிற ஊர் துறைக்கு எப்படித் துப்புச் சொல்லும்? ஊருக்கு வர வேண்டிய உரிமையை வாங்கிக் கொடுப்பதும் மரத்தைக் காப்பாற்றும் வேலைதான். நான் இதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை.

சங்கம் வைத்து என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்களுக்குப் பாலாற்று வழக்கைச் சொல்வேன். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்தபோது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வந்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் பாடத்தில் வேலூர் என்ற பேர் வரும். அதே வருடம் டிசம்பர் 12-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. நிலம்பூர்க்காரர் ஒருவர் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதைப் பார்த்துத் தொடுத்த வழக்கில், பதிவேட்டில் யார் பேரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்க மர அறுவை மில்களுக்குக் கிடுக்கிப்பிடி வந்தது அந்த வழக்கிலிருந்துதான். 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த விரிந்த பொருளைக் குறுக்கப் பார்த்தார்கள், அதுவும் இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது.

இனி உங்கள் ஊரில் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலைக்கு வருகிறேன்.

காட்டில் மரம் போவதைச் செயற்கைக்கோள் படம் சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். மொத்தமாக மொட்டை அடித்தால் தெரியும். ஆயிரம் மரத்துக்கு நடுவே வைரம் பாய்ந்த ஒரு சந்தனத்தை மட்டும் அறுத்து எடுத்தால் மேலே இருந்து பச்சையாகத்தான் தெரியும். சந்தனம் போனதைச் சொல்வது தரையில் இருக்கிற அடிக்கட்டை. ஜவ்வாதும் ஏலகிரியும் சந்தனத்துக்குப் பேர்போன மலைகள், திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட மலையில் இன்றைக்கு ஒரு வயதான சந்தன மரத்தைக் காட்டச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் யோசிக்கிறார்கள். அதனால் அடிக்கட்டையை எண்ணுங்கள். ஆனால் தனியாகப் போய் எண்ணாதீர்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம், உங்கள் மேலேயே வழக்கு வரலாம். மாவட்ட வன அலுவலருக்கு எழுதி, வனவரோடு சேர்ந்து வருடத்துக்கு இரண்டு முறை ஊர்க்குழு காட்டைச் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். நல்ல வனச்சரகர் இருந்தால் சந்தோஷமாகச் சம்மதிப்பார். மூன்று நான்கு பேர் சேர்ந்து எவ்வளவோ சதுர கிலோமீட்டரைக் காக்க வேண்டியிருக்கிற அவர்களுக்கும் கூடப் பத்துக் கண் கிடைக்கும். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பெயர் கேட்டால் விசாரணையில் இருக்கிறது என்று தட்டிவிடுவார்கள், அதனால் எண்ணிக்கை கேளுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் சரகத்தில் பதிவான வனக் குற்ற வழக்குகள் எத்தனை, அதில் அபராதத்தோடு முடித்தவை எத்தனை, நீதிமன்றம் போனவை எத்தனை, தண்டனை கிடைத்தவை எத்தனை, பறிமுதல் செய்த மரம் எத்தனை கிலோ, இப்போது எந்தக் கிடங்கில் இருக்கிறது, பிடிபட்டவர்களில் வாங்குபவர் என்று சேர்க்கப்பட்டவர் எத்தனை பேர். இந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். நான் ஒரு முறை இப்படிக் கேட்டு வாங்கிய பதிலில் வாங்குபவர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த ஒரு வருடம் மனு மேல் மனு போட்டோம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். சலிக்காமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

மரம் கடைசியில் எங்கேயோ அறுபடத்தான் வேண்டும். உங்கள் வட்டத்தில் உரிமம் உள்ள மர அறுவை மில்கள் எவை என்ற பட்டியலையும் அதே மனுவில் கேளுங்கள். வெளிநாட்டு உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். இந்தோனேசியாவில் 2009-இல் கொண்டுவந்த மரச் சட்டப்பூர்வச் சான்று முறையில், தன்னார்வ அமைப்புகள் சுதந்திரக் கண்காணிப்பாளர்களாக அதிகாரபூர்வமாகவே இடம்பெற்றன. காட்டில் வெட்டுவதிலிருந்து துறைமுகம் வரை உள்ள தாள்களைப் பார்த்து அவர்கள் ஆட்சேபம் எழுப்பலாம். அதை ஒட்டித்தான் 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டு மரத்துக்குத் தனி உரிமம் ஏற்றுக்கொண்டது. குறைகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் மில்லின் வரவு செலவுத் தாளைக் குடிமக்கள் பார்க்கலாம் என்ற இடத்துக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். நம்மிடம் அந்த ஏற்பாடு இன்னும் இல்லை, கேட்க வேண்டும்.

சொந்த நிலத்துச் சந்தனம் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-இலிருந்து தமிழ்நாட்டில் பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆனால் வெட்ட, எடுத்துப்போக, விற்க எல்லாம் வனத்துறை வழியாகத்தான். விவசாயி அலைச்சலுக்கும் திருடனுக்கும் பயந்து முளைத்த கன்றையே பிடுங்கிப் போடுகிறார். பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சத்து எடுத்து வளர்கிற மரம் அது, தானாக முளைத்து நிற்பதே பெரிய விஷயம். பட்டா நிலச் சந்தனத்தைப் பதிவு செய்யவும் விற்கவும் உதவுவதைத் தன் வேலையாக ஒரு விவசாயிகள் சங்கம் எடுத்துக்கொண்டால், அந்தப் பக்கத்தில் திருட்டுச் சந்தனத்துக்குப் பட்டாச் சந்தனம் என்று வேஷம் போடுவது கஷ்டமாகிவிடும்.

வருமானம் இல்லாமல் இதில் எதுவும் நிற்காது. கடுக்காய், தேன், புளி, சாமை, பலா இதெல்லாம் ஜவ்வாது மலையில் விளைகிறது, விலை மட்டும் கீழே சமவெளியில் தீர்மானமாகிறது. பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காகக் கொள்முதல் செய்கிற ஊரில் மேஸ்திரியின் முன்பணத்துக்கு மவுசு குறைவு. உங்கள் மன்றத்தால் வேலூர் சந்தையில் சாமைக்கு ஒரு நல்ல வியாபாரியைப் பிடித்துத் தர முடிந்தால், அதுவும் இந்தப் போராட்டத்தில் சேர்த்திதான்.

ஜாக்கிரதையாக இருங்கள். ராத்திரி காவலுக்குப் போகாதீர்கள், லாரியைத் துரத்தாதீர்கள், வெட்டுகிறவரைப் படம் எடுத்து எல்லாருக்கும் பரப்பாதீர்கள். அவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், அவர் பிள்ளை உங்கள் தங்கையோடு படிக்கும். புகார் எப்போதும் தனி ஆள் பேரில் வேண்டாம், சங்கத்தின் பேரில் பதிவுத் தபாலில் போகட்டும். நகல் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். ஊர் ஆள் யாராவது பிடிபட்டால், அவர் தப்பே செய்திருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வக்கீல் ஏற்பாடு செய்யுங்கள். தன்னை அனுப்பிய மேஸ்திரியின் பேரைச் சொல்லும் தைரியம் அவருக்கு அப்போதுதான் வரும்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததற்கு முன்பே ஊராட்சித் தலைவரிடம் மூன்று தீர்மானங்களை எழுதிக் கொடுங்கள். ஊர்க்குழுவும் வனத்துறையும் சேர்ந்து காட்டைச் சுற்றிப் பார்ப்பது, வனக் குற்ற வழக்குகளின் நிலையைச் சரக அலுவலர் ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிப்பது, வெளியூர் வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர் தன் பேரையும் போகிற இடத்தையும் ஊராட்சியில் பதிவு செய்வது. கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். தீர்மானம் நோட்டில் ஏறும் வரை உட்கார்ந்திருந்து, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் படம் கையில் வந்ததும் எழுதுங்கள், முதல் தகவல் உரிமை மனுவை நாம் சேர்ந்தே எழுதலாம்.